லைசென்ஸ் கட்டி ரேடியோ கேட்ட காலம்

போன மாதம் வீடு மாற்றினோம். புனேவுக்கு வந்த இருபத்திரண்டு வருஷத்தில் இது நாலாவது வீடு. ஒவ்வொரு முறையும் பிரிக்காமலேயே கூட வருகிற ஒரு தகரப் பெட்டி உண்டு, அப்பாவுடையது. இந்தத் தடவை தங்கமணி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "அதைத் திறந்து வேண்டாததைத் தூக்கிப் போட்டாத்தான் புது வீட்டுப் பரண்ல இடம்." சரியென்று திறந்தேன். பழைய எல்.ஐ.சி. ரசீதுகள், இடமாற்ற உத்தரவுகள், அதற்கும் அடியில் பாஸ்புக் சைஸில் ஒரு சின்னப் புத்தகம். உள்ளே வரிசையாக ஸ்டாம்பு ஒட்டி, அதன்மேல் தபாலாபீஸ் முத்திரை.

பொண்ணு எட்டிப் பார்த்தாள். "என்னப்பா இது?"

"ரேடியோ லைசென்ஸ்."

"துப்பாக்கிக்குத்தானே லைசென்ஸ் வாங்குவாங்க? ரேடியோவுக்கு எதுக்கு?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஆரம்பித்து அரை மணி நேரம் கொசுவத்தி சுற்றியதில் அவள் காதில் இயர்போன் ஏறிவிட்டது. மீதியை உங்களிடம் சொல்கிறேன். வெளியூரில் உட்கார்ந்து மாதாமாதம் தமிழ்ச் சேனலுக்குத் தனியாகக் காசு அழுகிற நமக்கெல்லாம் இந்தக் கதையில் கொஞ்சம் பங்கு இருக்கிறது.

முதலில் சரித்திரம். இந்தியாவில் ரேடியோவை ஆரம்பித்தது சர்க்கார் இல்லை, ஆர்வலர்கள். 1924-ல் சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று நடத்திய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் அந்த முன்னோடிகளில் ஒன்று. அந்த வருஷம் ஜூலை 31-ல் ஒலிபரப்பு ஆரம்பம். மூன்றே வருஷத்தில், 1927-ல், பணமில்லாமல் மூடிவிட்டார்கள். டிரான்ஸ்மிட்டரைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். 1930 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. வீட்டில் ரேடியோ இல்லாதவர்கள் பூங்காவிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கிக்குக் கீழே உட்கார்ந்து ஓசியில் கேட்டார்கள்.

அதே 1927-ல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி என்ற தனியார் நிறுவனம் நிலையங்களைத் திறந்தது. அதன் வருமானத்துக்கு வழி, லைசென்ஸ். ரேடியோ வைத்திருப்பவர் வருஷத்துக்கு 10 ரூபாய் கட்ட வேண்டும், அதில் 8 ரூபாய் கம்பெனிக்கு. கணக்கு காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் 1929 முடிவில்கூட லைசென்ஸ் எண்ணிக்கை எட்டாயிரத்தைத் தொடவில்லை. அன்றைய 10 ரூபாய் சாமானியத் தொகை இல்லை. வெளியிலிருந்து பாகங்களை வாங்கி வீட்டிலேயே செட் கட்டிக்கொண்டவர்கள் வேறு, லைசென்ஸ் பக்கமே போகவில்லை. 1930 மார்ச்சில் கம்பெனி திவால். ஏப்ரலிலிருந்து சர்க்கார் எடுத்துக்கொண்டது. அதுதான் 1936-ல் ஆல் இந்தியா ரேடியோ ஆனது.

லைசென்ஸ் இல்லாமல் கேட்பவர்களைப் பிடிக்க வந்ததுதான் 1933-ஆம் வருஷத்து இந்திய வயர்லெஸ் டெலிகிராபி சட்டம். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நீங்கள் ரேடியோ கேட்கிறீர்களா, என்ன கேட்கிறீர்கள் என்பதெல்லாம் சட்டத்துக்குத் தேவையே இல்லை. பெட்டியை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே குற்றம். முதல் தடவை 100 ரூபாய் வரை அபராதம், மறுபடி மாட்டினால் 250 வரை. 'வைத்திருப்பது' என்றால் என்ன? பெட்டி உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதாகத் தெரிந்தாலோ, உங்கள் ஆளுகையில் உள்ள இடத்தில் இருந்தாலோ, அது உங்களுடையது என்று கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். இந்த வரியை ஞாபகத்தில் வையுங்கள், அப்பா கதையில் திரும்ப வரும். சட்டம் வேலை செய்தது. 1933 முடிவில் பதினோராயிரத்தை ஒட்டி இருந்த லைசென்ஸ்கள் அடுத்த ஒரே வருஷத்தில் பதினாறாயிரத்தைத் தாண்டின.

யோசனை பிரிட்டிஷ்காரனுடையது. அங்கே 1922-லேயே 10 ஷில்லிங் லைசென்ஸ் வந்துவிட்டது. ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே அந்தப் பணம் பி.பி.சி.யை நடத்துவதற்கான பணம் என்று பேச்சு. "நான் காசு கொடுக்கிறேன், நீ எனக்குப் பதில் சொல்லு" என்று கேட்க ஒரு பிடி இருந்தது. இங்கே தபாலாபீஸில் நாம் கட்டியது சர்க்கார் கஜானாவுக்குப் போனது. ரேடியோவுக்கு எவ்வளவு என்பதை சர்க்கார் தீர்மானித்தது, என்ன சொல்வது என்பதையும் சர்க்காரே தீர்மானித்தது. கட்டுவது நாம், எஜமான் வேறு ஆள்.

இதற்கு 1952-ஐ விட நல்ல உதாரணம் கிடையாது. அந்த வருஷம் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு ஆகாது. அவர் காலத்தில் ஆல் இந்தியா ரேடியோவிலிருந்து சினிமாப் பாட்டு காணாமல் போனது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி ரேடியோ சிலோனுக்குப் போனார்கள். நம்ம ஊரில் ஒரு தலைமுறையே இலங்கை வானொலியின் தமிழைக் கேட்டு வளர்ந்தது. லைசென்ஸ் காசு இந்திய சர்க்காருக்கு, காது கொழும்புக்கு! பெட்டி வைத்திருப்பதற்குத்தானே கட்டணம், யாரும் கேட்க முடியாது. 1957-ல் விவித் பாரதி வந்த பிறகுதான் கொஞ்சம் ஆள் திரும்பினார்கள்.

இனி அப்பா.

அப்பா மத்திய சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. காவிரிக்கரையில் ஒரு ஊர். 1968-ல் ஒரு மூன்று பேண்டு ரேடியோ வாங்கினார். அப்போது கட்டணம் வருஷத்துக்கு 15 ரூபாய். ஜனவரி பிறந்தால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தபாலாபீஸ் கியூவில் நின்று விடுவார். 1974 கடைசியில் பம்பாய்க்கு மாற்றல். மாதுங்காவில் ஒரு அறையும் சமையலறையும். ரேடியோவும் எங்களோடு ரயிலேறி வந்தது. இங்கே வந்ததும் அப்பா ஒரு தப்பு செய்தார். பழைய புத்தகத்தில் விலாசத்தை மாற்றி எழுதி வாங்காமல், புதுசாக ஒரு புத்தகம் போட்டுவிட்டார். 1975, 76, 77, மூன்று வருஷமும் பம்பாயில் ஒழுங்காகக் கட்டினார்.

நடுவில் எமர்ஜென்சி. ராத்திரி செய்தியைக் கேட்டுவிட்டு அப்பா ரேடியோவை மூடுகிற சத்தம் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. "பதினஞ்சு ரூபாய் கொடுத்து இவங்க சொல்ற பொய்யைக் கேட்க வேண்டியிருக்கு" என்பார், அதையும் கதவைச் சாத்திவிட்டு. அந்த நாளில் பலர் பி.பி.சி. தமிழோசையைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். அதற்கும் அதே லைசென்ஸ்தான்!

1978 ஆரம்பத்தில் பழைய ஊரிலிருந்து விலாசம் அடித்துத் திருத்தி ஒரு நோட்டீஸ் வந்தது. மூன்று வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கவில்லை, 45 ரூபாயும் அபராதமும் கட்டவும், இல்லையேல் சட்டப்படி நடவடிக்கை. அப்பா பம்பாய்ப் புத்தகத்துக்கு நகலெடுத்து, அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்கி, அக்னாலெட்ஜ்மென்ட் அட்டையோடு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார். பதில் இல்லை. இரண்டு மாதம் கழித்து இன்னும் கடுமையாக இரண்டாவது நோட்டீஸ்.

பக்கத்துத் தபாலாபீஸில் கேட்டால், "புது புக் போட்டது உங்க தப்பு. நாப்பத்தஞ்சு ரூபாய்தானே, கட்டிட்டு நிம்மதியா இருங்க" என்றார்கள். அம்மாவுக்கு வேறு பயம். "சர்க்கார் உத்தியோகத்தில் இருந்துகொண்டு சர்க்காரோட கேசா? பிரமோஷன் வர்ற நேரத்தில் இது தேவையா?" நாப்பத்தஞ்சு ரூபாய் அப்போது எங்கள் வீட்டில் கிட்டத்தட்ட ஒரு மாதப் பால் காசு. ஆனால் அப்பாவுக்கு அது பணப் பிரச்னையாகவே தெரியவில்லை. "ஒரே ரேடியோ ரெண்டு ஊர்ல எப்படிம்மா பாடும்?" என்பதிலேயே நின்றார். ஆபீஸ் நூலகத்தில் 1933 சட்டத்தைத் தேடிப் படித்து, மேலே சொன்னேனே அந்த 'கட்டுப்பாடு' வரி, அதைப் பென்சிலில் எழுதிக்கொண்டு வந்தார். அந்தத் துண்டுச் சீட்டும் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஊரிலிருந்த சித்தப்பாவை நேரில் போய் விசாரிக்கச் சொன்னார். சித்தப்பா எழுதிய பதிலில்தான் முடிச்சு அவிழ்ந்தது. நாங்கள் காலி செய்த வீட்டுக்கு ஒரு தையல்காரர் குடி வந்திருந்தார். முன்னறையில் மெஷின், மெஷின் பக்கத்தில் ரேடியோ, நாள் முழுக்க இலங்கை வானொலி. லைசென்ஸ் எடுக்கவில்லை. பரிசோதகர் வந்த அன்றைக்கு அவர் வெளியே போயிருக்க, ஜன்னல் வழியாகப் பெட்டியைப் பார்த்துவிட்டு, அந்த விலாசத்தில் கடைசியாக யார் பேரில் லைசென்ஸ் இருந்ததோ அவருக்கு நோட்டீஸ் எழுதியிருக்கிறார்கள். "அண்ணா, ஒரு வரி எழுதினால் போதும், உங்கள் கேஸ் முடிந்தது" என்று சித்தப்பா முடித்திருந்தார்.

உண்மைதான். "அந்த ரேடியோ என்னுடையதில்லை, இன்னாருடையது" என்று எழுதினால் அப்பா தப்பித்துவிடுவார், தையல்காரர் மாட்டுவார். மூன்று குழந்தைகள், தைத்தால்தான் சோறு. அப்பா இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் எழுதிய கடிதத்தின் கார்பன் காப்பி என் கையில் இருக்கிறது. தன் ரேடியோ மாதுங்காவில் தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அதற்கு மூன்று வருஷமும் கட்டணம் கட்டியாகிவிட்டது, பழைய விலாசத்தில் உள்ள எந்தப் பொருளும் தன் ஆளுகையில் இல்லை. அவ்வளவுதான். தையல்காரரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சித்தப்பாவுக்குத் தனியாக ஒரு கார்டு: "அவரிடம் பக்குவமாகச் சொல்லி ஒரு லைசென்ஸ் எடுத்துக்கொள்ளச் சொல்."

ஆறு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. விலாச மாற்றத்தைத் தெரிவிக்காததால் 1975-க்கு மட்டும் 15 ரூபாய் கட்டவும், மற்றது தள்ளுபடி. வாதத்தில் பாதி தோல்வி. கவுண்டரில் கட்டியிருக்கலாம், சித்தப்பாவை விட்டுக் கட்டச் சொல்லியிருக்கலாம். அப்பா மணியார்டர்தான் அனுப்புவேன் என்றார். ஏன் தெரியுமா? மணியார்டர் படிவத்தில்தான் சேதி எழுத இடம் இருக்கும். "இந்தத் தொகை என் ஆட்சேபத்துடன் செலுத்தப்படுகிறது" என்று எழுதினார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பதினஞ்சு ரூபாய்க்கு மேல கமிஷன் வேற!"

அதே 1978-ல் தில்லியில் பி.ஜி. வர்கீஸ் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. எமர்ஜென்சியில் பட்ட சூட்டினால் ஜனதா சர்க்கார் அமைத்த குழு அது. ரேடியோவையும் டிவியையும் சர்க்கார் பிடியிலிருந்து எடுத்து, 'ஆகாஷ் பாரதி' என்ற சுதந்திரமான அமைப்பிடம் கொடுக்கச் சொன்னது. 1966-லேயே சந்தா குழுவும் தன்னாட்சியைத்தான் பரிந்துரைத்திருந்தது. இரண்டும் அன்றைக்கு நடக்கவில்லை. பிரசார் பாரதி சட்டம் 1990-ல் நிறைவேறி, அமலுக்கு வர 1997 ஆனது.

டிவிக்கு வருவோம். தில்லியில் 1959 செப்டம்பர் 15-ல் சோதனையாக ஆரம்பித்தது. பம்பாய்க்கு 1972-லும் சென்னைக்கு 1975-லும் வந்தது. டிவி லைசென்ஸ் வருஷத்துக்கு 50 ரூபாய். இதற்கும் தபாலாபீஸ், இதற்கும் புத்தகம். 1976-லிருந்து தூர்தர்ஷனில் விளம்பரமும் வந்துவிட்டதால், காசும் கொடுத்து சோப்பு விளம்பரமும் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு 1981-ல் கறுப்பு வெள்ளைப் பெட்டி வந்தது. மாடி முழுக்க எங்கள் வீட்டில்தான். இந்தியும் மராத்தியும் பேசுகிற அந்தப் பெட்டியில் தமிழ் அபூர்வம். எண்பதுகளில் ஞாயிறு மதியம் மாநில மொழிப் படம் போட ஆரம்பித்த பிறகு, நம்ம மொழி முறை எப்போது வரும் என்று வாரக்கணக்கில் காத்திருப்போம். வந்தால் அது விருது வாங்கிய படம், பாட்டே இருக்காது. ஆனாலும் தமிழ் பேசுகிறதே என்று மாடித் தமிழர்கள் அத்தனை பேரும் எங்கள் வீட்டில் ஆஜர்.

1982 ஆசிய விளையாட்டோடு கலர் வந்தது. 1984-ல் கிட்டத்தட்ட நாளைக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் என்ற வேகத்தில் நாடெங்கும் திறந்தார்கள். பெட்டிகள் பெருகப் பெருக வீடு வீடாக லைசென்ஸ் தேடுவது நடக்கிற காரியமாக இல்லை. 1985-ல் ரேடியோ, டிவி இரண்டுக்கும் வீட்டு லைசென்ஸை ஒழித்துவிட்டார்கள். ஊரே கொண்டாடியது. 1933 சட்டம் மட்டும் புத்தகத்தில் இருந்தது. அதற்கு மாற்றான சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேற 2023 வரை ஆனது.

அப்பா மட்டும் கொண்டாடவில்லை. "கட்டணம் போகலைடா, ரசீதுதான் போயிடுச்சு" என்றார். அப்போது எனக்குப் புரியவில்லை. யோசித்தால், அதற்குப் பிறகும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். தூர்தர்ஷன் செலவு நம் வரிப்பணத்திலிருந்து போனது, விளம்பரச் செலவு நாம் வாங்கும் சோப்பின் விலையில் ஏறியது. 15 ரூபாய்க்கு நோட்டீஸ் வந்தால் சண்டை போடலாம். சோப்பு விலைக்குள் இருக்கும் காசுக்கு யாரிடம் போய் ஆட்சேபம் எழுதுவது?

அப்புறம் கேபிள்காரர் யுகம். 1993-ல் சன் டிவி வந்ததும் வெளியூர்த் தமிழர்கள் கேபிள்காரரிடம் கெஞ்சிய கதையெல்லாம் உங்களுக்கே தெரியும். தெருவில் பத்துத் தமிழ் வீடாவது சேர்ந்தால்தான் போடுவார். மாதம் பிறந்தால் வாசலில் நின்று ரொக்கம், ரசீதாவது ஒன்றாவது. தகராறு செய்தால் ஒயர் கட். 2003 செப்டம்பரில் சென்னையில் செட்டாப் பாக்ஸ் முறை வந்து, கட்டணச் சேனலைத் தேர்ந்தெடுத்துக் காசு கட்டலாம் என்றார்கள். நாடு முழுக்க அது வந்தது டிராய் உத்தரவால், 2019-ல். ஒவ்வொரு சேனலுக்கும் விலையை வெளியே சொல்ல வேண்டும், வேண்டியதை மட்டும் தனியாக வாங்கலாம், முதல் 100 சேனலுக்கு இணைப்புக் கட்டணம் 130 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று அன்று வைத்தார்கள். 2024-ல் அந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அதில் நல்லது, இந்தி மூட்டையை வாங்காமல் தமிழ்ச் சேனல்களை மட்டும் எடுக்க வழி கிடைத்தது. எத்தனை பேர் எடுத்தோம் என்பது வேறு விஷயம்.

பிரிட்டனில் இன்னமும் லைசென்ஸ் இருக்கிறது. 2025 ஏப்ரலில் வருஷத்துக்கு 174.50 பவுண்டு ஆக்கினார்கள். மொத்தமாகவும் கட்டலாம், மாதாமாதம் வங்கியிலிருந்து எடுத்துக்கொள்ளவும் சொல்லலாம். வேண்டாதவர்கள் நேரலை டிவியும் பி.பி.சி.யின் இணையப் படங்களும் பார்ப்பதில்லை என்று தெரிவித்துவிட்டு விலகலாம். ஒவ்வொரு தடவை கட்டணம் ஏறும்போதும் அங்கே நாடே சண்டை போடுகிறது. ஆஸ்திரேலியா 1974-லேயே லைசென்ஸை ஒழித்து வரிப்பணத்துக்கு மாறியது. ஜெர்மனியில் 2013-லிருந்து பெட்டி இருக்கிறதா என்றே பார்ப்பதில்லை, வீட்டுக்கு ஒரு கட்டணம். எது சரி என்று அடித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் சண்டையும் இருக்கிறது, அது மட்டும் தெரிகிறது.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டே எங்கள் டிஷ் கணக்கைத் திறந்து பார்த்தேன். இரண்டு வருஷமாக ஆட்டோபே. யாரும் பார்க்காத பதினேழு சேனலுக்கு மாதாமாதம் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஒன்றிலே விலை ஏறியதுகூடத் தெரியவில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். ஆட்டோபேயை நிறுத்திவிட்டு, மாதம் ஒருமுறை தொகையைப் பார்த்துக் கையால் கட்டுவது என்று வைத்துக்கொண்டேன். ரீசார்ஜ் செய்தியை அழிக்காமல் வைக்கிறேன். தப்பான கழிவு இருந்தால் முதலில் கம்பெனியிடம் புகார் எண் வாங்குங்கள், அங்கே தீராவிட்டால் அவர்களுடைய நோடல் அதிகாரிக்கு எழுதுங்கள். டிராய் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை. அதற்கும் மேலே என்றால் நுகர்வோர் ஆணையம். எதற்கும் தேதி போட்ட காகிதம் வேண்டும். அப்பா சொல்லிக்கொடுத்தது அதுதான்.

தங்கமணி, "பரண் என்னாச்சு?" என்றாள். எல்.ஐ.சி. ரசீதெல்லாம் போயாச்சு. லைசென்ஸ் புத்தகம் மட்டும் என் மேஜை டிராயரில்.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "அந்தத் தையல்காரர் லைசென்ஸ் எடுத்தாரா இல்லையா?" என்று கேட்டேன். "எடுத்தார்டா. அந்த லீவுக்கு ஊருக்குப் போனப்போ உனக்கு ஒரு அரை டிராயர் தைச்சுக் கொடுத்து, காசே வாங்க மாட்டேன்னுட்டார். உங்கப்பா விடுவாரா? கூலியைக் கையில திணிச்சு, ரசீது கேட்டார்!"